மழைக்கு முன்பே எடுத்து வைக்க வேண்டிய சான்று

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், 24 மணி நேரத்துக்குள் காயல்பட்டினத்தில் கொட்டிய மழை 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓராண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழையைவிட இது அதிகம். தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். மீட்புப் படை வந்து சேரும்வரை அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டது பக்கத்து ஊர் மக்கள்.

எவ்வளவு நல்ல நிர்வாகமாக இருந்தாலும் சாலை அறுந்துவிட்டால் உதவி வந்து சேர நாளாகும். முதல் மூன்று நாளை வீடுதான் தாங்கியாக வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் வீதம் மூன்று நாளுக்கான குடிநீர், அடுப்பு மூட்டாமல் சாப்பிடக்கூடிய அவல், பொரிகடலை, பிஸ்கட், டார்ச் லைட், பவர் பேங்க், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவை பெரும்பாலான வீடுகளுக்குத் தெரிந்தவைதான். மறந்துபோவது மருந்து. சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, இதய நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை எப்போதும் இரண்டு வாரத்துக்கான மருந்தைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும். மருந்துச் சீட்டின் படம் செல்போனில் இருக்கட்டும்.

வானிலை மையம் 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மழையை ‘அதி கனமழை’ என்கிறது. சிவப்பு எச்சரிக்கை என்றால் வேடிக்கை பார்க்க நேரமில்லை, செயல்பட வேண்டும் என்று பொருள். தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் பகல் வெளிச்சத்திலேயே கிளம்பிவிடுவது நல்லது. இருட்டில் இடுப்பளவு தண்ணீரில் முதியவர்களை அழைத்துச் செல்வது மிகவும் கடினம். வீட்டுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, கேஸ் ரெகுலேட்டரையும் மூடிவிட வேண்டும். காலில் ஈரம் இருக்கும்போது சுவிட்ச் போர்டைத் தொடக் கூடாது. அறுந்து கிடக்கும் கம்பியைக் கண்டால் அழைக்க வேண்டியது மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: புயலின் கண் கடக்கும்போது காற்று சட்டென்று ஓய்ந்துவிடும். புயல் போய்விட்டது என்று நம்பி அப்போது வெளியே வந்தால், எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடிக்கும் காற்றில் சிக்க நேரிடும்.

உயிர் தப்பிய பிறகு தொடங்கும் இன்னொரு கஷ்டத்தைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. 2015 டிசம்பரில் சென்னையில் அடையாற்று வெள்ளம் வடிந்தபோது, வீட்டைக் கழுவியவர்கள் கட்டில் மெத்தைக்கு அழுததைவிடப் பத்திரத்துக்கும் பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழுக்கும் அழுதார்கள். சிறப்பு முகாம்கள் நடத்தி நகல் ஆவணங்களை அரசு வழங்கியது உண்மை. ஆனால் முகாமில் போய் நிற்பவரிடம் பட்டா எண்ணோ, பத்திர எண்ணோ, பதிவெண்ணோ இருந்தால்தான் வேலை சீக்கிரம் நடக்கும். அசல் போய்விட்டது, அதன் எண்ணும் தெரியவில்லை என்றால் அலைச்சல் பல மடங்காகிறது.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இது. ஆதார், குடும்ப அட்டை, பட்டா, கிரயப் பத்திரம், வங்கிப் புத்தகம், இன்சூரன்ஸ் பாலிசி, சான்றிதழ்கள் எல்லாவற்றையும் படமெடுத்து, வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான சொந்தக்காரர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். டிஜிலாக்கரில் அரசுத் துறையே நேரடியாக வழங்கும் ஆவணம் சட்டப்படி அசலுக்குச் சமம். நாமே படமெடுத்து அதில் ஏற்றி வைக்கும் நகலுக்கு அந்த மதிப்பு கிடையாது. கிரயப் பத்திரம் போய்விட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். பத்திரம் நனைந்து தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க அவசரப்படாதீர்கள். வெயிலில் போட்டால் தாள் சுருண்டு முறுகிவிடும். ஃபேன் காற்று படும் நிழலில், மை ஒட்டாத வெள்ளைத் துணியோ எழுதாத தாளோ விரித்து, அதன்மேல் வைத்து ஈரத்தை மெல்ல ஒற்றி எடுங்கள். ஓரளவு உலர்ந்ததும் ஒவ்வொரு தாளாகத் தானே பிரிந்து வரும்.

பிறகு செல்போனைக் கையில் எடுத்து வீட்டை ஒரு சுற்று சுற்றி வீடியோ எடுத்துவிடுங்கள். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், தையல் மெஷின், வண்டி, கடைச் சரக்கு எல்லாம் தெரிய வேண்டும். வெள்ளம் வந்துபோன பிறகும் அதே இடங்களைப் படமெடுங்கள். சுவரில் தண்ணீர் ஏறி நின்ற கோட்டை, பக்கத்தில் ஆளையோ அளவு நாடாவையோ நிறுத்தி எடுங்கள். மாடு செத்துவிட்டால் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தருவதற்கு முன் புதைக்காதீர்கள். 2022-26 காலத்துக்கான பேரிடர் நிதி விதிமுறையில் ஒரு கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஓர் ஆட்டுக்கு 4,000 ரூபாய் நிவாரணம் என்று வகுக்கப்பட்டது. பயிருக்கு நிவாரணம் பெற 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருக்க வேண்டும். குத்தகைக்கு உழுபவர்கள் தங்கள் பெயர் அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டில் இருக்கிறதா என்பதை கிராம நிர்வாக அலுவலரிடம் விதைத்த கையோடு பார்த்துவிட வேண்டும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் ஏமாற்றம் மிக அதிகம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருக்கும் வண்டிக்கு வெள்ளச் சேதம் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும், தண்ணீரில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்து அதனால் எஞ்சின் போனால், எஞ்சினுக்கென்று தனியாகப் பாதுகாப்பு வாங்கியிராதவர்களின் கோரிக்கை பெரும்பாலும் நிராகரிக்கப்படுகிறது. சாவியைத் தொடாமல் கட்டியிழுத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். வீட்டுக்கு ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பாலிசி 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் எல்லாம் அதில் அடங்கும். கோரிக்கையைக் கம்பெனி மறுத்தால், முதலில் எழுத்துமூலம் அவர்களிடமே புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

அரசு நிவாரணத்தை யாரோ போடும் பிச்சையாக நினைத்துத் தயங்குபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, முகாம்களில் தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதாரம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கச் சொல்கிறது. விதவைகளுக்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் தனி ஏற்பாடு வேண்டும் என்கிறது. 61ஆவது பிரிவு நிவாரணத்தில் சாதி, மதம், பாலினம், பிறப்பு பார்க்கக் கூடாது என்று தடுக்கிறது. ஒரு தெருவுக்கு உணவு போய், அடுத்திருக்கும் காலனிக்குப் போகவில்லை என்றால் அது சட்ட மீறல். அந்த வார்த்தையைச் சொல்லியே புகார் எழுதலாம். பொய்க் கணக்குக் காட்டி நிவாரணம் வாங்குவதும் இதே சட்டப்படி குற்றம்தான். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

2023 டிசம்பரில் வீசிய மிக்ஜாம் புயலுக்குப் பிறகு குடும்பத்துக்கு 6,000 ரூபாய், குடும்ப அட்டையின் அடிப்படையில் ரேஷன் கடை வழியாகக் கொடுக்கப்பட்டது. அட்டை இல்லாதவர்களும் விண்ணப்பிக்க வழி இருந்தது, ஆனால் வாடகைக்குக் குடியிருப்பவர்களில் பலருக்கு அது தாமதமாகத்தான் தெரிந்தது. வாடகை ஒப்பந்தம், கேஸ் ரசீது, மின் கட்டண ரசீது என்று நீங்கள் குடியிருக்கும் முகவரியைக் காட்டும் ஒரு தாளாவது உங்கள் பெயரில் இருக்கட்டும்.

பயனாளிகள் பட்டியலில் பெயர் விடுபட்டால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். வட்டாட்சியரிடம் எழுதிக் கொடுங்கள். சரியாகவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் படங்களோடு மனு கொடுங்கள், 1100 எண்ணிலும் பதிவு செய்யுங்கள். எந்த அலுவலகமானாலும் தேதியும் எண்ணும் போட்ட ஒப்புகைச் சீட்டைக் கையில் வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.