கந்தோருக்குள் ஒரு கலைஞன்

மழை விடாத ஒரு மாலைப்பொழுது. எங்கள் இலக்கிய வட்டத்தின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ‘சமுதாயமும் கலைஞனும்’ என்பது அன்றைய பொருள். பொருள் பழையது, வாதங்களும் பழையனவே. கலை கலைக்காகவா, மக்களுக்காகவா என்று ஒரு மணிநேரம் பேசிக் களைத்தபின், கடைசி வாங்கில் அமர்ந்திருந்த நண்பர் ஒருவர் எழுந்தார். முப்பது ஆண்டுகள் அரசாங்கக் கந்தோரொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டங்களில் அதிகம் பேசாதவர்.

“கலைஞன் சமுதாயத்துக்கு வேண்டியவன் என்றே வைத்துக்கொள்வோம். அவனை எங்கே இருத்துவது? எங்கள் கந்தோரிலே ஒரு மேசையும் கதிரையும் கொடுத்து இருத்தியிருந்தால் அவன் என்னதான் செய்திருப்பான்?”

எல்லோரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். ஆயின், வீடு திரும்பும் வழியில் அக்கேள்வி என்னோடு கூடவே வந்தது. இது வெறும் வேடிக்கைக் கேள்வியன்று. ஒரு நாட்டிலே அரசாங்கத்திடமே நேரில் கேட்கப்பட்ட கேள்வி.

அண்மைக் காலத்தில் மேலை நாடுகளில் ‘வதிவிடக் கலைஞர்’ என்னும் ஏற்பாடு பெருகியுள்ளது. பல்கலைக்கழகமோ ஆராய்ச்சி நிலையமோ ஓர் ஓவியரையோ நாடகக்காரரையோ சில மாதங்களுக்கு வரவழைத்து, சமூகவியலாரும் அரசியல் அறிஞரும் பணிபுரியும் அறைக்கு அடுத்த அறையில் இருத்துகின்றது. மக்கள் தம் பிரதிநிதிகள்மீது நம்பிக்கை இழந்து வருதல், பொய்ச் செய்திகளின் பெருக்கம், குடிமக்களை அவர்கள் அறியாமலே வகைப்படுத்தும் இயந்திரங்கள் ஆகிய சனநாயகத்தின் இன்றைய இடர்களை இருசாராரும் சேர்ந்து ஆராய வேண்டும் என்பது நோக்கம். இதனைப் புதுமை என்று கொண்டாடுவோர் பலர். புதுமையன்று. அரை நூற்றாண்டுக்கு முன்னரே இங்கிலாந்தில் சிலர் இதனைச் செய்து பார்த்துவிட்டனர். அவர்கள் கண்ட வெற்றிகளிலும் பார்க்க, அவர்கள் சென்று முட்டிக்கொண்ட சுவர்களே நாம் அறியத்தக்கவை.

2012 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இலண்டன் சென்றிருந்தபோது, என் பழைய மாணவர் ஒருவர் ‘றேவன் றோ’ என்னும் கலைக்கூடத்துக்கு என்னை அழைத்துச் சென்றார். ஓவியங்களை எதிர்பார்த்துப் போனேன். கண்டவை பெரும்பாலும் கடிதங்களும் அறிக்கைகளும் புகைப்படங்களுமே. கோப்புகளைப் பார்க்க இத்தனை தூரம் வரவேண்டுமா என்று முணுமுணுத்தேன். ஆயினும், ஒரு மணிநேரம் வாசித்தபின் வெளியே வர மனம் வரவில்லை. ‘கலைஞர் அமர்த்தற் குழு’ என்று தமிழிற் சொல்லத்தக்க ஒரு குழுவினர் 1966 முதல் 1979 வரை ஆற்றிய பணியின் வரலாறு அது.

அக்குழுவின் தாய் பார்பரா ஸ்ரெவெனி என்னும் பெண் கலைஞர். 1965 இல், நண்பர்களின் கண்காட்சிக்காகக் கழிவுப் பொருள்களைப் பொறுக்கிவர எண்ணி, இலண்டனுக்கு மேற்கேயுள்ள சிலவ் தொழிற்பேட்டைக்கு இரவிலே சென்றவர் அங்கே வழி தவறிவிட்டார். சுற்றிலும் ஓயாது இயங்கும் தொழிற்சாலைகள். உள்ளே இத்தனை பேர் உழைக்கையில் நாம் ஏன் வெளியே நின்று குப்பை பொறுக்குகிறோம், நாமும் உள்ளே அல்லவா இருக்கவேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு அப்போது எழுந்ததாம். அடுத்த ஆண்டு தம் கணவரும் சிற்பியுமான யோன் லேதமோடும் வேறு சிலரோடும் சேர்ந்து குழுவைத் தொடங்கினார்.

குழுவின் நிபந்தனைகளைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். தொழிற்சாலையோ அரசாங்கத் திணைக்களமோ கலைஞருக்கு ஊதியம் வழங்க வேண்டும். முதலிற் சில வாரங்கள் அவர் சுற்றிப் பார்ப்பார். பின்னரே நீண்டகால அமர்வு பற்றிப் பேச்சு. இன்னதைச் செய்க என்று அவருக்குக் கட்டளையிடலாகாது. முடிவில் ஒரு சிலையோ சித்திரமோ தந்தே தீரவேண்டும் என்னும் கடப்பாடும் இல்லை. இதனை அவர்கள் ‘திறந்த பணிப்பு’ என்றனர். ஆராய்ச்சியாளன் ஒரு வினாவோடு உள்ளே நுழைகிறான். ஆலோசகன் ஒரு விடையோடு நுழைகிறான். இரண்டும் இல்லாமல் நுழைபவனுக்கு மற்றவர் பார்க்கத் தவறியது தென்படலாம் என்பதே நம்பிக்கை. சம்பளம் கொடுத்து, வேலை இன்னதென்று சொல்லாமல் ஒருவனை வைத்திருக்க எந்த நிருவாகி உடன்படுவான்? என் எழுதுவினைஞ நண்பர் இதைக் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். வியப்பு என்னவெனில், சிலர் உடன்பட்டனர்.

1970 இல் ஸ்ருவட் பிறிஸ்லி என்னும் கலைஞர் ‘ஹில்’ என்னும் தளபாட நிறுவனத்தின் தொழிற்சாலையில் அமர்ந்தார். 212 கதிரைகளை வட்டமாக அடுக்கி ஒரு சிற்பம் செய்தார். அது பத்திரிகைகளுக்கு. தொழிலாளருக்கு அவர் செய்தது வேறு. இயந்திரங்களுக்கு அவர்கள் விரும்பிய காற்பந்தாட்டக் குழுக்களின் நிறங்களைத் தீட்டுவித்தார். அவர்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள நகர்த்தத்தக்க அறிவித்தற் பலகைகளை அமைத்தார். சிற்பத்திலும் பார்க்க அந்தப் பலகைகளே எனக்குப் பெரிய காரியமாகத் தோன்றுகின்றன.

குழுவுக்கு எதிர்ப்பும் இல்லாமற் போகவில்லை. நாசிகளின் கொலைவெறிக்குப் பெற்றோரைப் பறிகொடுத்து இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த கலைஞர் குஸ்ராவ் மெற்ஸ்கர் 1972 இல் குழுவைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். முதலாளியின் மேசையில் இடம் கேட்பவன் நாளைக்கு யார் பக்கம் நிற்பான் என்பதே இடதுசாரிகள் எழுப்பிய ஐயம். அதே காலத்தில் பிரித்தானியக் கலைக் கழகமும், இஃது உண்மைக் கலையன்று, சமூகச் சீரமைப்பு வேலை என்று கூறித் தன் உதவிப் பணத்தை நிறுத்திக்கொண்டது. ஒருசாரார்க்கு அவர்கள் போதிய அளவு புரட்சியாளர் அல்லர். மறுசாரார்க்குப் போதிய அளவு கலைஞர் அல்லர். இத்தகைய இருபக்க அடி நம் எழுத்தாளர் சிலர்க்கும் பழக்கமானதுதான்.

பணம் நின்றபின் ஸ்ரெவெனி அரசாங்கத்தின் கதவைத் தட்டினார். 1970களின் தொடக்கத்தில் பிரித்தானியக் குடியியற் சேவைத் திணைக்களமே ஒரு குறிப்பாணையை ஏனைய திணைக்களங்களுக்கு அனுப்பிவைத்தது: கலைஞரை இவ்விதம் அமர்த்தலாம் என்று. சனநாயகம் பற்றிய உண்மையான பரீட்சை இங்கேதான் தொடங்கியது. தொழிற்சாலை ஒருவருடைய சொத்து. அரசாங்கமோ பொதுச் சொத்து. அதனுள் ஒரு கலைஞன் காண்பது யாருக்கு உரியது?

1975 இல் சூழல் திணைக்களம் றொஜர் கவார்ட் என்பவரைப் பேர்மிங்ஹாம் நகரின் ஸ்மோல் ஹீத் பகுதிக்கு அனுப்பியது. நகர் நடுவிலுள்ள வறிய குடியிருப்புகள் ஏன் சிதைகின்றன என்று அங்கே ஓர் ஆராய்ச்சிக் குழு ஏற்கெனவே ஆராய்ந்துகொண்டிருந்தது. கவார்ட் தம் தோழரோடு அக்குழுவுடன் சேர்ந்தார். அப்போது புதிதாக வந்திருந்த கையிலே தூக்கிச் செல்லும் வீடியோக் கருவியையும் நாடகத்தையும் கொண்டு குடியிருப்பாளரைப் பேசவைத்தார். ஆராய்ச்சிக் குழுவின் முடிவறிக்கை 1977 இல் ‘சமமற்ற நகரம்’ என்னும் பொருள்படும் தலைப்போடு வெளிவந்தது. அறிக்கையிலே குடியிருப்பாளன் ஓர் எண். வீடியோவிலோ அவனுக்கு முகமும் குரலும் கோபமும் உண்டு. இரண்டும் வேண்டும் என்பது என் கருத்து. எண் இல்லாத கோபத்தை அமைச்சர் புறக்கணிப்பார். கோபம் இல்லாத எண்ணை எல்லோருமே மறந்துவிடுவர்.

பிறிஸ்லியின் இரண்டாவது அமர்வுதான் என் மனத்தைப் பெரிதும் தொட்டது. இங்கிலாந்தின் வடகிழக்கே, டறம் மாவட்டத்தில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்காக 1948 இல் திட்டமிடப்பட்ட புதிய பட்டினம் பீற்றர்லீ. தொழிலாளர் தலைவர் பீற்றர் லீயின் பெயரையே அதற்கு இட்டனர். பக்கத்து ஈசிங்ரன் சுரங்கத்தில் 1951 இல் நேர்ந்த வெடிவிபத்தில் 83 பேர் மாண்டனர். அத்தகைய மண். பழைய சுரங்கக் கிராமத்து மக்களுக்குப் புதிய வீடு கிடைத்தது. ஆனால் பட்டினத்தை ஆண்டது மக்கள் தெரிந்தெடுத்த சபையன்று, அரசாங்கம் நியமித்த அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். அக்கூட்டுத்தாபனமே 1976 இல் பிறிஸ்லியை அழைத்தது.

அவர் மூன்று படிகளில் ஒரு திட்டம் வகுத்தார். முதற்படி, 1900 முதலாக வாழ்வோரின் நினைவிலுள்ள வரலாற்றைத் திரட்டுதல். உள்ளூர் மக்களே வீடுவீடாகச் சென்று, முதியோர் பேச்சை ஒலிநாடாவிற் பதிந்தனர். பெட்டியின் அடியிற் கிடந்த புகைப்படங்களை வாங்கிப் படியெடுத்தனர். எல்லோருக்கும் மகிழ்ச்சி, கூட்டுத்தாபனத்துக்கும் மகிழ்ச்சி. இரண்டாம் படி, அதே மக்கள் அதே கண்கொண்டு கூட்டுத்தாபனத்தையும் உள்ளூராட்சிச் சபைகளையும் ஆராய்தல். மூன்றாம் படி, பட்டினத்தின் நிகழ்காலத்தை மக்களே கூடி விவாதிக்கும் திறந்த மன்றம்.

முதற்படி நிலைத்தது, ஏனைய இரண்டும் நிறைவேறவில்லை. பிறிஸ்லி சென்றபின் உள்ளூர்ச் சபையின் கைக்குப் போன அத்திட்டம் பழம்படங்களைப் பேணும் வரலாற்று வேலையாகச் சுருங்கிற்று. நான் இதை வாசித்த இடத்தில் நெடுநேரம் நின்றேன். தாத்தா சுரங்கத்தில் பட்ட பாட்டைச் சொல்லுங்கள், கேட்டுக் கண்ணீர் வடிப்போம். பேரன் இன்று யாரிடம் கையெழுத்துக்காக நிற்கிறான் என்று மட்டும் கேளாதீர்கள்! கலைஞனை வரவேற்கும் அதிகாரம் நேற்றைப் பற்றியே அவன் பேசவேண்டும் என்று எதிர்பார்க்கிறது. பழைமை பேணும் நம் ஆர்வத்துக்குள்ளும் இந்தத் தந்திரம் ஒளிந்திருத்தல் கூடும் என்பதை ஆசிரியர்களாகிய நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

மூன்றாமவர் இயன் பிறேக்வெல். 1965 இலிருந்து 2005 இல் இறக்கும்வரை நாட்குறிப்பு எழுதியவர். பிறர் கவனியாத அன்றாடச் சிறுமைகளை அதிற் குறித்து வைத்தவர். 1976 இல் சுகாதார, சமூகப் பாதுகாப்புத் திணைக்களம் அவரைக் கட்டடக் கலைஞரும் ஆய்வாளரும் அடங்கிய ஒரு குழுவோடு அமர்த்தியது. குற்றம் புரிந்த மனநோயாளரை அடைத்து வைக்கும் புறோட்மூர், றாம்ப்ரன் ஆகிய காவல் மருத்துவமனைகளுக்கு அவர் சென்றார். கண்டவை அவரை உலுக்கின. நிலைமையை அடியோடு மாற்றவேண்டும் என்று எழுந்த அறிக்கையோ அரச இரகசியச் சட்டத்தின் பூட்டுக்குள் போயிற்று. மக்கள் வரியில் ஊதியம் பெற்று, மக்களின் பெயரால் நடக்கும் நிறுவனத்தில், மக்களில் மிகவும் கைவிடப்பட்டோர் படும் பாட்டைக் கண்ட ஒருவர் அதனை மக்களிடம் சொல்ல முடியவில்லை!

1979 மே மாதத்தில் யோக்சயர் தொலைக்காட்சி ‘இரகசிய மருத்துவமனை’ என்னும் பொருள்படும் தலைப்போடு றாம்ப்ரனைப் பற்றி ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. அதற்குப் பிறேக்வெலின் அனுபவமும் துணைநின்றது. நாடே அதிர்ந்தது. அரசாங்கம் சேர் யோன் பொயின்ரன் தலைமையில் விசாரணைக் குழுவை நியமித்தது. 1980 இல் அதன் அறிக்கை வந்தது. கலைஞனை அமர்த்திய திணைக்களம் கேளாத செய்தியைத் தொலைக்காட்சி கேட்கச் செய்தது.

இன்றைய காரியங்களுக்கு வருவோம். பிரித்தானியப் பாராளுமன்றம் 2001 முதற்கொண்டு பொதுத் தேர்தல்களுக்கு ஓர் உத்தியோகபூர்வக் கலைஞரை நியமித்து வந்துள்ளது. 2017 இல் அப்பணி ஏற்ற கொர்னேலியா பார்க்கர், இரவிலே வெறிச்சோடிய சபா மண்டபத்தின் மேசையிற் செய்தித்தாள்களைக் குவித்து, சிறு பறக்கும் கருவியின் காற்றால் அவை சிதறுவதைப் படமாக்கினார். அழகான படம். ஆனால் எவருடைய நித்திரையையும் அது கெடுத்திருக்குமா என்பது ஐயமே.

2019 இல் நடந்தது வேறு வகை. கலைஞர் ட்றெவர் பக்லனும் ஆராய்ச்சியாளர் கேற் குறோஃபோர்டும் கூடி ‘இமேஜ்நெற்’ என்னும் பெருந்தொகுப்பை ஆராய்ந்தனர். இயந்திரங்களுக்குப் பார்க்கக் கற்பிப்பதற்காக இணையத்திலிருந்து திரட்டிய ஒரு கோடியே நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அதிலுள்ளன. மனிதரின் படங்களும் உண்டு. அவற்றுக்கு இழிசொற்களும் பெயராக ஒட்டப்பட்டிருந்தன. இருவரும் ஒரு விளையாட்டுப் போன்ற கருவியைச் செய்து, எவரும் தம் முகத்தைக் காட்டி, அத்தொகுப்பிற் பயின்ற இயந்திரம் தம்மை என்னவென்று அழைக்கிறது என்று பார்க்கும்படி விட்டனர். பார்த்தவர் திடுக்கிட்டனர். மனிதரைக் காட்டும் படங்களில் ஆறு இலட்சத்தை நீக்குவதாகத் தொகுப்பை ஆக்கியோரே அறிவித்தனர். அதனைத் திருத்தும் வேலையைத் தாம் முன்னரே தொடங்கியதாகவும் அவர்கள் கூறினர்; இருக்கலாம். ஆயினும் உலகம் அறிந்தது அந்த விளையாட்டினாலேதான். இங்கே கலைஞரும் ஆராய்ச்சியாளரும் எவருடைய விருந்தினரும் அல்லர்; கண்டதை வெளியிட எவரிடமும் கையேந்தவில்லை. றாம்ப்ரனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுவே.

ஆதலின், வதிவிடக் கலைஞர் திட்டம் ஒன்றைப் பற்றி இனிமேற் கேள்விப்படும்போது நான் முதலில் விசாரிப்பது அழைக்கப்பட்டவரின் பெயரையன்று. ஒப்பந்தத்தைப் பற்றியே விசாரிப்பேன். அவர் கண்டதை அழைத்தவரின் அனுமதியின்றி வெளியிடலாமா? இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் பணம் ஒதுக்கப்பட்டுள்ளதா? இவ்விரண்டும் இல்லையெனில், ஆராய்ச்சி அறிக்கைக்கு ஓர் அழகிய மேலட்டை வரையத்தான் கலைஞர் அழைக்கப்பட்டுள்ளார்.

அடுத்த கூட்டத்தில் இவற்றையெல்லாம் அந்த நண்பரிடம் சொன்னேன். பீற்றர்லீயையும் றாம்ப்ரனையும் அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார், வியந்ததாகத் தெரியவில்லை. தொழிற்சாலையில் வைத்த பலகைகளைப் பற்றிச் சொன்னபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எங்கள் கந்தோரிலும் ஒரு அறிவித்தற் பலகை இருந்தது, மாஸ்ரர்” என்றார். “கண்ணாடிப் பெட்டிக்குள். முப்பது வருடமும் திறப்பு பிரதம எழுதுவினைஞரிடம்.”