வெள்ளைக் குடை எல்லாம் புற்றுக் காளான் அல்ல!

மும்பையில் மழை பிடித்துச் சில நாட்கள் ஆனதும், போரிவிலி தேசியப் பூங்காவை ஒட்டிய புல்தரைகளிலும் ஆரே காலனி ஓரங்களிலும் காளான்கள் தலைகாட்டத் தொடங்கும். அவற்றில் ஒன்று வெள்ளை வெளேர் என்று, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் குடை விரித்து நிற்கும்.

அதைப் பார்த்ததும் நம்மவர்களுக்கு ஊர் நினைவு வந்துவிடும். ஐப்பசி மழையில் இடி இடித்தால் புற்றுக் காளான் கிளம்பும் என்பது தென் மாவட்டங்களில் வழங்கும் பேச்சு. கறிக் குழம்பையும் தோற்கடிக்கும் ருசி அது. "அதே காளான்தான்" என்று பறித்து வந்து சட்டியில் போட்டால், அன்று இரவே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும்.

ஏமாற்றும் தோற்றம்

இந்த வெள்ளைக் குடையின் அறிவியல் பெயர் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ். வெப்ப நாடுகள் பலவற்றில் புல்தரையில் முளைப்பது. சில இடங்களில் வட்டம் போட்டது போலவும் முளைக்கும்.

இளசாக இருக்கும்போது இதன் தலை முட்டை போல இருக்கும். விரிந்த பிறகு குடையின் மேல் பழுப்பு நிறச் செதில்கள் ஒட்டியிருக்கும். தண்டில் ஒரு வளையம் உண்டு. முற்றிய காளானில் அதை மோதிரம் போல மேலும் கீழும் நகர்த்தலாம்.

குடையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வரிவரியாகச் செவுள்கள். இளம் காளானில் அவை வெள்ளை. முற்றினால் சாம்பல் கலந்த பச்சை. ஆபத்து இங்கேதான். சமையலுக்கு எல்லோரும் பறிப்பது இளம் காளானைத்தான். அப்போது பச்சை நிறம் வந்திருக்காது.

வேரைப் பார்க்க வேண்டும்

புற்றுக் காளான் கறையானின் பயிர். மண்ணுக்கு அடியில் கறையான் வளர்க்கும் பூஞ்சையில் இருந்து அது கிளம்புகிறது. ஆகவே பெரிய வகைகளைத் தோண்டிப் பார்த்தால், தண்டு வேர் போல நீண்டு கறையான் கூட்டில் போய் முடியும். குடையின் நடுவில் கூர்மையான முனை இருக்கும். பச்சைக் குடைக்கு அந்த நீண்ட வேரும் கிடையாது, கூர்முனையும் கிடையாது.

இன்னொரு சோதனையும் உண்டு. விரிந்த குடையை மட்டும் அறுத்து, செவுள் கீழே இருக்கும்படி வெள்ளைக் காகிதத்தில் வைத்து, பாத்திரத்தால் மூடிவிட வேண்டும். காலையில் காகிதத்தில் தூள் படிந்திருக்கும். புற்றுக் காளானின் தூள் இளஞ்சிவப்பு. விஷக் குடையின் தூள் பச்சை.

தூள் பச்சையாக இல்லை என்பதால் மட்டும் காளான் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. உயிரையே பறிக்கும் அமானிட்டா வகைகளின் தூள் வெள்ளை. அவற்றின் அடித்தண்டில் பை போன்ற உறை மண்ணுக்குள் மறைந்திருக்கும். மேலோடு கிள்ளிப் பறித்தால் அது கண்ணில் படாது.

வெள்ளிக் காசை நம்பாதீர்!

வெள்ளிக் காசு கறுக்காவிட்டால் நல்ல காளான், பூண்டு நிறம் மாறாவிட்டால் நல்ல காளான், பூச்சி தின்றால் மனிதனும் தின்னலாம் என்றெல்லாம் சொல்வார்கள். எல்லாமே பொய். அமானிட்டாவின் கொடிய விஷம் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது.

2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் சாப்பிட்டு 13 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். பலகாலம் காளான் பறித்துத் தின்று பழகிய இடத்திலேயே இந்தக் கதி.

தாமதம் கூடாது

பச்சைக் குடையைத் தின்றால் ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வயிற்று வலி, வாந்தி, பேதி தொடங்கும். குழந்தைகளுக்கு உடலில் நீர் வற்றி ஆபத்தாகிவிடும். அமானிட்டாவோ ஆறு மணி நேரத்துக்கு மேல் சும்மா இருந்துவிட்டுத் தாக்கும். பிறகு வாந்தி நின்று, குணமாகிவிட்டது போலத் தோன்றும். அந்த நேரத்தில்தான் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

ஆகவே வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. சாப்பிட்ட அனைவரும் உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மிச்சக் காளானையும், சட்டியில் மீந்த குழம்பையும் கையோடு எடுத்துச் சென்றால் டாக்டருக்கு உதவும்.

தேசியப் பூங்காவுக்குள் எதையும் பறிப்பது சட்டப்படி குற்றம் என்பதும் நினைவில் இருக்கட்டும். காளான் ஆசை வந்தால், பண்ணையில் வளர்த்துக் கடையில் விற்கும் மொட்டுக் காளானும் சிப்பிக் காளானும் இருக்கின்றன. புற்றுக் காளானின் ருசி அவற்றுக்கு வராதுதான். ஆனால் அந்த ருசியை, காளானை அறிந்தவர்கள் பறித்துத் தரும் சொந்த ஊரில் வைத்துக்கொள்வதே நல்லது.