ஒரு மாதம், மூன்று நாவல்கள்

சகோதரிகளே, போன மாதம் மத்தியானத் தூக்கத்தை விட்டு, எனக்கே எனக்காகக் கதை படித்தேன். மனசில் பட்டதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’: 1950 முதல் 1954 வரை தொடராக வந்தது. ஐந்து பாகத்தில் இரண்டுதான் முடிந்தது. நீண்ட வர்ணனைகளைத் தள்ளிவிட்டேன். ஓடக்காரி பூங்குழலி வந்தால் மட்டும், பால் பொங்கினாலும் எழுந்திருக்க மனசு வராது!

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’: சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம். குடத்தோடு அலைந்தவர்களுக்கு ஒவ்வொரு வரியும் புரியும். இன்னும் நாலு பக்கம் எழுதியிருக்கலாம்.

ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’: தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் பாடு. தாங்காமல் பாதியில் மூடினேன். மறுநாள் குழம்புக்கு உப்பு அள்ளிய கை அப்படியே நின்றது. அன்றே படித்து முடித்தேன்.

பொழுதுபோக்குக்கு முதல் நாவல் போதும். மகளுக்குக் கொடுத்தது மூன்றாவதைத்தான்.