கடற்பாசியில் குத்திப் பாருங்கள்

மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியில் இருப்பது அகர். தூத்துக்குடி, காயல்பட்டினம் பக்கம் நோன்பு நாட்களில் பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி உறையவைக்கும் ‘கடற்பாசி’யும் அகர்தான். மருத்துவ ஊசிகளை ஆராய்கிறவர்களும் உடம்பில் குத்துமுன் இதுபோன்ற களிகளில்தான் குத்திப் பார்க்கிறார்கள்.

நீங்களும் பாருங்கள். குழந்தைக்கு மருந்து புகட்டும் ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டனைத் தொடாமல், முனையை மட்டும் கடற்பாசியில் அழுத்துங்கள். முதலில் அது குழிந்து கொடுக்கும். பிறகு சட்டென்று கிழியும். கை நினைத்ததைவிட ஆழமாகப் போய்விடும். கல்லீரலில் நீளமான ஊசியை விட்டுச் சதைத்துணுக்கு எடுக்கும் மருத்துவருக்கும் இதே தொல்லை. சதை நகரும், ஊசி வளையும், குறி தப்பும்.

இப்போது வேறிடத்தில் முனையை வைத்து, பிஸ்டனை வேகமாக அழுத்தியபடியே தள்ளுங்கள். தண்ணீர் முன்னால் போய்ப் பிளக்கும். முனை அந்தப் பிளவுக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆராயப்பட்ட நீர்த்தாரை ஊசியின் அடிப்படை இதுதான். சாதாரண ஊசியைத் தள்ளும் விசை இரண்டு வேலைக்குச் செலவாகிறது: நுனி சதையை வெட்டுவது, தண்டு சதையோடு உரசுவது. வெட்டும் வேலையைத் தண்ணீர் எடுத்துக்கொண்டால் உரசல் மட்டுமே மிச்சம். தள்ளும் விசை குறைவதால் குழாயை மெல்லியதாக, வளைந்து போகக்கூடியதாகச் செய்யலாம். ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு கட்டியை அடையலாம்.

ஊசியே இல்லாத பீய்ச்சல் நமக்குப் புதிதல்ல. 2021இல் இந்தியாவில் அவசர ஒப்புதல் பெற்ற சைகோவ்-டி கொரோனா தடுப்பூசி அப்படித்தான் செலுத்தப்பட்டது. ஆனால் அது தோலோடு நின்றுவிடும். ஆழத்துக்குப் போக ஊசி வேண்டும்.

சிக்கல் எங்கே? அகரைக் குறைத்துப் போட்டுக் காய்ச்சினால் கடற்பாசி தளர்வாக உறையும். அதே அழுத்தத்தில் தண்ணீர் இன்னும் ஆழமாகத் துளைக்கும். உடம்பிலும் கொழுப்பு, தசை, ஈரல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இறுக்கம். எந்தச் சதைக்கு எவ்வளவு வேகம் என்று நொடிக்கு நொடி மாற்றியாக வேண்டும். பீய்ச்சிய நீரும் உள்ளே தேங்காமல் வெளியேற வேண்டும்.

விசையைக் குறைப்பதைவிட இந்தக் கட்டுப்பாடுதான் கடினம் என்பது என் கணிப்பு. அது கைவசமாகும்வரை நீர்த்தாரை ஊசி ஆய்வகத்தில் இருப்பதே நோயாளிக்கு நல்லது.