விளையாட்டுக் காவலனும் வீட்டுத் திறப்பும்

சிலாபத்திலிருந்தும் வென்னப்புவையை அடுத்த வெல்லமன்கரையிலிருந்தும் ஆழ்கடலுக்குப் புறப்படும் பலநாட் கலங்களிலே சிறியதொரு கருவி பொருத்தப்பட்டிருக்கும். கலம் எங்கே நிற்கின்றது, எத்திசையிற் செல்கின்றது என்பதனை அது செய்மதி வாயிலாகக் கரைக்கு அறிவித்துக்கொண்டிருக்கும். அக்கருவி தானாக வந்ததன்று. இலங்கைக் கலங்கள் சர்வதேசக் கடலில் விதிகளை மீறுகின்றன, அவற்றைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு போதாது என்று ஐரோப்பிய ஆணைக்குழு 2012ஆம் ஆண்டிலே எச்சரித்தது. 2014 ஒக்டோபரில் தடையை அறிவித்தது. 2015 ஆரம்பத்தில் இலங்கைக் கலங்கள் பிடித்த மீன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குட் செல்ல இயலாது போயிற்று. கலங்களுக்குக் கண்காணிப்புக் கருவி பூட்டுதல் உள்ளிட்ட சீர்திருத்தங்கள் நடைபெற்ற பின்னரே, 2016 ஜூன் மாதம் அத்தடை நீங்கியது.

இத்தகைய கருவி வரும்போது உலகெங்கும் மீனவரிடையே எழும் ஆட்சேபம் ஒன்றுதான். எல்லை தாண்டியவன் ஒருவன். காவலோ எல்லார் கலத்திலும் ஏறுகின்றது. மீன் படும் இடம் மீனவனுடைய தேட்டம். அதைத் தந்தை மகனுக்குச் சொல்வான், அயலானுக்குச் சொல்லமாட்டான். அவ்விடத்தை ஒரு பெட்டி கண்டு பிறருக்கு உரைப்பதை நேர்மையாளனும் விரும்புவதில்லை. ஆயினும் அந்தப் பெட்டியில்லாவிடில் நேர்மையாளனுடைய மீனும் விலைபோகாது என்பதை 2015ஆம் ஆண்டு காட்டிற்று.

இதே வழக்கு, கடலோடு சிறிதும் தொடர்பில்லாத வேறோர் உலகத்திலும் நடந்துவருகின்றது. அந்த மீனவனுடைய மகன் மாலையிலே கணினியின் முன் அமர்ந்து, முகமறியாத பிறநாட்டாரோடு இணையத்தில் ஆடும் விளையாட்டுலகமே அது. வழக்கின் பொருள், ஆட்டத்திற் கள்ளம் செய்வோரைப் பிடிப்பதற்கென்று விளையாட்டுக் கம்பனிகள் ஆடுவோரின் கணினிகளில் நிறுத்தும் காவல் மென்பொருள்.

கள்ளம் எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். முந்நூற்று நான்கு என்னுங் கடதாசி விளையாட்டு நம் நாட்டில் யாவரும் அறிந்தது. துரும்பு இன்னதெனச் சொல்லாது கவிழ்த்து வைப்பதிலேதான் அவ்வாட்டத்தின் சுவை இருக்கின்றது. நான்கு பேரும் ஒரே பாயில் அமர்ந்திருக்கையில், ஒருவன் கவிழ்த்த கடதாசியை எட்டிப் பார்த்தால் மற்ற மூவரும் அவன் கையைப் பிடித்துவிடுவார்கள். இனி, அந்நால்வரும் நான்கு ஊர்களில் தத்தம் வீட்டிலிருந்து ஆடுவதாக எண்ணிக்கொள்க. எல்லார் கையிலுள்ள கடதாசியும் ஒரு பெட்டியில் இடப்பட்டு, அப்பெட்டியின் பிரதி ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பப்படுகின்றது. "உன்னுடையதை மட்டும் எடு, மற்றையதைப் பாராதே" என்று கட்டளை. இணைய விளையாட்டுகள் பலவற்றின் அமைப்பு ஏறக்குறைய இதுவே. சுவருக்கு அப்பால் மறைந்து நிற்கும் எதிரி எங்கே உள்ளான் என்பது ஆடுவோனின் கணினிக்கு முன்னரே தெரிந்திருக்கும். தெரியாவிடில் அவன் திடீரென வெளிப்படும்போது சித்திரத்தைத் தாமதமின்றிக் காட்ட முடியாது. கள்ள மென்பொருள் செய்வதெல்லாம், கணினியின் நினைவகத்திலுள்ள அப்பெட்டியைத் திறந்து பார்ப்பதே. இன்னொரு வகை, குறி பார்க்கும் வேலையை மனிதக் கையிலிருந்து எடுத்துத் தானே செய்யும். அதன் குறி தவறுவது அரிது.

இக்கள்ளம் சிறுவர் குறும்பு என்று எண்ணிவிடலாகாது. கள்ள மென்பொருளை மாதச் சந்தாவுக்கு விற்போர் இருக்கின்றனர். அது பிடிபட்டால் மறுவாரம் புதிய பதிப்பு வெளிவரும். நேர்மையாக ஆடுவோன் தன் தோல்விக்குக் காரணம் தன் குறையா, எதிரியின் கள்ளமா என்று அறியமாட்டாமல் சலித்து விலகுவான்.

ஆரம்பத்திலே காவல் மென்பொருள் மற்ற மென்பொருள்களைப் போல விறாந்தையில் நின்றே காவல் செய்தது. கணினியை ஒரு வீடாகக் கொண்டால், எழுதுவதற்கும் படம் பார்ப்பதற்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்கள் யாவும் விறாந்தையில் அமர்ந்திருப்பவை. தமக்கு வேண்டியதை அவை உள்ளறையிடம் கேட்டுப் பெறவேண்டும். அவ்வுள்ளறைக்குக் கேர்னல் என்பது பெயர். நினைவகம், வட்டு, விசைப்பலகை யாவும் அதன் ஆட்சியிலுள்ளன. கள்ள மென்பொருள் செய்வோர் காலப்போக்கில் அந்த உள்ளறைக்கே புகுந்துவிட்டனர். உள்ளே இருப்பவன் விறாந்தைக் காவலனுக்கு எதைக் காட்டுகின்றானோ அதையே அவன் காண்பான். கள்ளன் தன்னைக் காட்டாமல் விட்டால் காவலன் என்ன செய்வான்? ஆகவே காவலனும் உள்ளறைக்குச் சென்றான். சென்றதோடு நில்லாமல், கணினி கண்விழிக்கும்போதே தானும் விழித்துக்கொள்ளவேண்டியவனானான். முன்னே புகுந்தவன் பின்னே வருபவனை ஏமாற்றலாம் அல்லவா? ஆட்டம் நடவாத வேளையிலும் காவலன் வீட்டிலேயே இருக்கின்றான் என்பதே இதன் விளைவு. கலகம் இங்கேதான் பிறந்தது.

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள ரயட் கேம்ஸ் என்னுங் கம்பனி, வலோரன்ற் என்ற விளையாட்டை 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் பரீட்சார்த்தமாக வெளியிட்டபோது, வான்கார்ட் என்னும் இத்தகைய காவலனை உடன் அனுப்பிற்று. ஆட்சேபங்கள் உடனே எழுந்தன. அக்கம்பனி சீனாவின் டென்சென்ற் நிறுவனத்துக்கு உரியதாகையால், ஐயங்கள் பன்மடங்காயின. வான்கார்ட்டில் ஓட்டை கண்டு சொல்வோருக்கு ஒரு லட்சம் டொலர் வரை பரிசு தருவதாகக் கம்பனி அறிவித்தது. ஆனால் அவ்விளையாட்டைப் பொறுத்தவரை ஒன்றைச் சொல்லவேண்டும். காவலன் முதல்நாள் முதலே வாசலில் நின்றான். அவனை விரும்பாதவர் உள்ளே வராமலே இருக்கலாம்.

2024ஆம் ஆண்டு மே மாதம் நடந்தது வேறு. அதே கம்பனியின் லீக் ஒவ் லெஜன்ட்ஸ் என்னும் விளையாட்டு 2009இல் வெளிவந்தது. அணிக்கு ஐவராக ஆடப்படுவது. பதினான்கு ஆண்டுகளுக்கு மேலாக அதை ஆடிப் பழகி, நண்பர்களைத் தேடிக்கொண்டு, வேடங்களுக்கும் அலங்காரங்களுக்கும் காசு செலவிட்டிருந்தோர் ஒருநாள் காலையிலே, இனி வான்கார்ட் இன்றி ஆட இயலாது என்று கண்டனர். தம் கணினி எழும்ப மறுத்துவிட்டதெனச் சிலர் முறையிட்டனர். தொல்லை நேர்ந்ததாகச் சொன்னோர் 0.03 சதவீதத்திலும் குறைவு என்று கம்பனி விடை கூறிற்று. அவ்விளையாட்டை லினக்ஸ் முறைமையில் ஓட்டி ஆடிவந்த சிறு கூட்டத்தார் முற்றாக வெளியே நின்றனர். சதவீதக் கணக்கு கம்பனிக்கு ஆறுதல் தரலாம். கணினி எழும்பாதவனுக்கு அது நூறு சதவீதமே.

இதற்கு முன்பே, டூம் இற்றேர்னல் என்னும் விளையாட்டிலே இதனினும் விநோதமான ஒரு நிகழ்ச்சி நடந்தது. அவ்விளையாட்டு 2020 மார்ச் 20ஆந் திகதி விற்பனைக்கு வந்தது. தனியொருவனாக அமர்ந்து அரக்கரோடு பொருதுவதே அதன் பெருஞ்சிறப்பு. ஏறக்குறைய இரண்டு மாதங்கள் கழிந்து, மே 14ஆந் திகதி வந்த திருத்தப் பதிப்போடு டெனூவோ என்னுங் காவல் மென்பொருளும் உட்புகுந்தது. பிறரோடு ஒருபோதும் ஆடாதவனுக்கு யாரை ஏமாற்றுவதற்கு எதிராகக் காவல் என்ற கேள்வி எழுந்தது. வாங்கியோர் கடையின் மதிப்புரைப் பகுதியைக் கண்டனங்களால் நிரப்பினர். ஆறே நாட்களில், மே 20ஆந் திகதி, அக்காவலை அகற்றுவதாகத் தயாரிப்பாளர் அறிவித்துவிட்டார். கணினிகள் தளர்ந்தமைக்குக் காரணம் வேறொரு பிழையே, காவல் மென்பொருள் அன்று என்றும் அவர் கூறினார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் விற்ற பொருளில் விற்றபின் கைவைத்ததே வாங்கியோரின் முறைப்பாடாகையால், அவ்விளக்கம் அவர்களைச் சென்று சேரவில்லை.

2024 செப்டெம்பரில் ஜி.ரீ.ஏ. ஒன்லைன் விளையாட்டிலும் இதுபோல் நிகழ்ந்தது. 2013இல் தொடங்கிய அந்த விளையாட்டில் பற்றில்ஐ என்னுங் காவலன் சேர்க்கப்பட்டதும், ஸ்ரீம் டெக் என்னும் கைக்கருவியில் அதை ஆடிவந்தோர் இணைய ஆட்டத்தை இழந்தனர். அக்கருவியும் லினக்ஸில் இயங்குவது.

உள்ளறைத் திறப்பைப் பிறர் கையிற் கொடுப்பது பற்றிய அச்சம் வீண்பயமா? சான்றுகள் அவ்வாறு சொல்லவில்லை. அமெரிக்காவில் போட்டி ஆட்டங்களை நடத்திவந்த ஈ.எஸ்.ஈ.ஏ. என்னும் நிறுவனத்தின் காவல் மென்பொருளுக்குள், 2013ஆம் ஆண்டு, பிற்கொயின் நாணயம் ஈட்டும் இரகசிய மென்பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ 14,000 கணினிகள் உரியவர் அறியாமலே உழைத்தன. நியூ ஜேர்சி மாநிலம் அந்நிறுவனத்தின்மேல் நடவடிக்கை எடுத்தது. இது காவலனே திருடிய கதை. கென்ஷின் இம்பக்ற் விளையாட்டின் கதை வேறு. அங்கே கம்பனி தவறேதும் எண்ணவில்லை. ஆயினும் அதன் காவலனுடைய கேர்னற் பகுதியைத் தனியே பிரித்தெடுத்து, கணினிகளின் பாதுகாப்பை முடக்கிக் கப்பம் கேட்கும் கூட்டத்தார் பயன்படுத்தினர் என்று 2022 ஓகஸ்டில் ட்ரென்ட் மைக்ரோ நிறுவனம் வெளிப்படுத்திற்று. அவ்விளையாட்டை ஒருநாளும் ஆடியிராத கணினிக்குள்ளும் அதைக் கொண்டுவந்து புகுத்தலாம் என்பதுதான் திகைப்பூட்டுவது. களவு எண்ணமே இல்லாத வெறும் பிழையும் உள்ளறையில் எத்துணை கேடு விளைக்கும் என்பதற்கு 2024 ஜூலை 19ஆந் திகதி சாட்சி. கிரவுட்ஸ்ரைக் என்னும் நிறுவனம் அனுப்பிய பழுதுள்ள திருத்தம் ஒன்றினால், ஏறக்குறைய 85 லட்சம் கணினிகள் நீலத்திரையோடு நின்றன, விமானங்கள் புறப்படவில்லை. அது விளையாட்டுக் காவலன் அன்று; அலுவலகங்களைக் காக்கும் மென்பொருள். அறை மட்டும் ஒன்றே.

இவ்விடத்திற் புத்தளக் கரையோரத்து நிலைமையைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். இங்கே ஒரு வீட்டிற் கணினி இருந்தால், அது பெரும்பாலும் ஒன்றே. அதிலேதான் பிள்ளையின் பாடம், அக்காளின் வேலை விண்ணப்பம், தந்தையின் வங்கிக் கணக்கு, தம்பியின் விளையாட்டு யாவும் நடைபெறும். தம்பி ஒப்பிய ஒப்பந்தத்தினால் உள்ளறைக்கு வந்த காவலன், அக்காள் விண்ணப்பம் எழுதும்போதும் அங்கேதான் இருக்கின்றான். இன்னொரு தொல்லை, கணினி பழையதாய் இருப்பது. விண்டோஸ் 11இல் வலோரன்ற் ஆடுவதற்கு, ரீ.பி.எம். என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டுமென 2021ஆம் ஆண்டிலேயே விதிக்கப்பட்டது. 2025இல் வந்த பற்றில்ஃபீல்ட் 6, கணினி தொடங்கும் முறையே முத்திரையிடப்பட்டிருக்கவேண்டும் என்றது. கள்ளம் செய்தோனின் கணக்கை மட்டுமன்றி அவன் கணினியையே அடையாளங் கண்டு விலக்கும் வழக்கமும் உண்டு. அக்கணினியை அவன் விற்றுவிட்டால், கைமாறி வாங்கியவன் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெற நேரலாம். புதுக் கணினி வாங்க வசதியுள்ளவர்களுக்கு இவையெல்லாம் சிறு இடையூறுகள். கைமாறிய கணினியோடு காலந்தள்ளுவோருக்கு இவை அடைத்த கதவுகள்.

கலத்திலுள்ள பெட்டியோடு இதனை ஒப்பிட்டால், ஒப்புமையினும் வேற்றுமையே மிகுதி. அந்தப் பெட்டி நாட்டின் சட்டத்தின்படி வந்தது. அதனால் நட்டம் வந்தால், முறையிடக் கடற்றொழில் நீரியல்வளத் திணைக்களம் இருக்கின்றது. அதற்கப்பால் நீதிமன்றம் இருக்கின்றது. பெட்டி கலத்தின் இடத்தைச் சொல்லுமேயன்றி, படகோட்டிகளின் பைகளைத் திறந்து பார்க்கும் இயல்பினதன்று. விளையாட்டுக் காவலனோ, ஒருவரும் வாசிக்காத நெடிய ஒப்பந்தத்தின் அடியில் இட்ட சம்மதத்தின் மூலம் வந்தவன். கணக்கு விலக்கப்பட்டவன் தன் குற்றத்துக்குச் சான்று என்ன என்று கேட்டால், கம்பனி விரித்துச் சொல்லாது. சொன்னால் அடுத்த கள்ளன் அதைக்கொண்டு தப்பும் வழியைக் கற்பான் என்பது அதன் வாதம். வாதம் பொய்யன்று. ஆனால் சான்றைக் காட்டாத தீர்ப்பு, நேர்மையாளனுக்கும் கள்ளனுக்கும் ஒரே முகத்தைக் காட்டுகின்றது.

வேறு வழிகள் இல்லாமல் இல்லை. மற்றோர் கடதாசியை வீட்டுக்கு அனுப்பாமலே விடுவது ஒன்று. வலோரன்ற் விளையாட்டிலேயே, எதிரி கண்ணிற் படும் தறுவாய் வரும்வரை அவனுடைய இடம் ஆடுவோனின் கணினிக்குப் பெரும்பாலும் அறிவிக்கப்படுவதில்லை. இல்லாத செய்தியை எந்தக் கள்ளனும் திருட முடியாது. ஆட்டத்தின் போக்கை நடுவண் கணினியிலிருந்தே ஆராய்ந்து, மனிதக் கையால் ஆகாத குறியைக் கண்டறிவது மற்றொன்று. உள்ளறைக் காவலும் முழுக் காவல் அன்று. கணினிக்குள் ஒரு வன்பொருள் அட்டையைச் செருகி, அருகிலுள்ள இரண்டாவது கணினியிலிருந்து நினைவகத்தைப் படிப்போர் இப்போது இருக்கின்றனர். அவர்களுடைய கள்ளம் காவலன் நிற்கும் வீட்டிலேயே இல்லை. அடுத்த வீட்டில் இருக்கின்றது.

கவுன்ரர் ஸ்ரைக் விளையாட்டில் இவ்வழக்குக்கு ஒரு சமரசம் ஏற்பட்டுள்ளது. அதனை வெளியிடும் வால்வ் கம்பனியின் காவலன் விறாந்தையோடு நிற்பவன்; கள்ளம் மிகுதி என்ற குறையும் அதன்மேல் உண்டு. கடுங்காவலை விரும்புவோர் ஃபேஸிற் என்னும் வேறொரு மண்டபத்துக்குச் சென்று, உள்ளறைக் காவலனை ஏற்றுக்கொண்டு ஆடுகின்றனர். யாரும் அங்கே இழுத்துச் செல்லப்படுவதில்லை.

வான்கார்ட் பற்றிய கூச்சலின் பின் ரயட் கம்பனியும் 2020ஆம் ஆண்டு ஓரளவு இறங்கி வந்தது. திரையின் மூலையில் ஒரு சிறு குறி வைக்கப்பட்டது. அதை அழுத்தினால் ஆடாத வேளையில் காவலனை வெளியே அனுப்பிவிடலாம். மறுபடி ஆட நினைத்தால், கணினியை நிறுத்தி மீண்டும் தொடக்கவேண்டும்.