பெற்றோர் பிறந்த நாடும் நமது குடியுரிமையும்

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வரலாறு நேர்வழியில் சென்றதன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிடும் தொழிலில் அமர்ந்தோர் உளர். அதே குடும்பத்தின் மற்றொரு கிளை கொழும்புக்கோ, ஈப்போவுக்கோ, இரங்கூனுக்கோ சென்று, ஒரு தலைமுறை கழிந்தபின் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வந்து குடியேறியதும் உண்டு. இத்தகைய குடும்பத்திலே பிறந்த ஒருவர் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்பொழுது, “நீர் பிறப்பினால் இந்தியக் குடிமகனா, வம்சாவழியினாலா, பதிவினாலா?” என்று படிவம் கேட்கிறது. தந்தை பிறந்த இடம் மலாயா என்று பழைய தாள் ஒன்று சொல்கிறது. அப்பொழுதுதான் ஐயம் தோன்றுகிறது: நான் இரு நாடுகளின் பிரஜையா?

இந்த ஐயத்தைப் பொழுதுபோக்கான கேள்வி என்று தள்ளிவிடலாகாது. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அந்நிய நாட்டின் குடியுரிமையைத் தாமாகத் தேடிப் பெற்றவர் இந்தியக் குடியுரிமையை அக்கணமே இழக்கிறார் என்பது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. அதை இழந்தவருக்கு வாக்குரிமை இல்லை. சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போட்டியிடவும் இயலாது. ஆகவே இருக்கும் நிலையைத் தெரிந்துகொள்ளாமல் இன்னொரு பாஸ்போர்ட்டுக்குக் கை நீட்டுவது, மரத்தின் மேல் அமர்ந்துகொண்டு அடிக்கிளையை வெட்டுவதற்கு ஒப்பாகும்.

முதலில் பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். வெளிநாட்டிலே பிறந்தவர் என்பது வேறு. வெளிநாட்டுக் குடிமகன் என்பது வேறு. 1935இல் ஈப்போவில் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய தந்தை திருநெல்வேலியில் பிறந்தவர். குடும்பம் மும்பைக்குத் திரும்பி, இதுவே தம் நிலையான வாழ்விடம் என்று வாழ்ந்துவந்தபொழுது நமது அரசியல் சாசனம் பிறந்தது. பெற்றோருள் ஒருவர் இந்தியாவில் பிறந்திருந்து, தாமும் இந்தியாவையே நிலையான வாழ்விடமாகக் கொண்டிருந்தால் அவர் குடிமகனே என்று சாசனத்தின் 5ஆம் ஷரத்து கூறுகிறது. ஆகவே ஈப்போவில் பிறந்த அவர் இந்தியக் குடிமகன். அக்காலத்து மலாயாவில் பிறந்த காரணம் ஒன்றினாலேயே எல்லோரும் அந்நாட்டுக் குடிமக்களாகிவிடவில்லை. 1957 ஆகஸ்டு 31ஆம் நாள், விடுதலை நாளன்றும் அதன் பின்னும் அம்மண்ணில் பிறந்தோருக்கே, அதுவும் 1962 வரையில் மட்டுமே, பிறப்பு ஒன்றே போதுமானதாக இருந்தது. எனவே தந்தை ஈப்போவில் பிறந்தார் என்பதால் மகனுக்கு மலேசியக் குடியுரிமை தானே வந்துவிடாது.

இலங்கையின் கதை இதனினும் கசப்பானது. 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அம்மண்ணில் பிறந்ததைப் போதிய தகுதியாக ஒப்புக்கொள்ளவில்லை. தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும்; இன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் இலட்சக்கணக்கானோர் இதனால் எந்த நாட்டுக்கும் உரியவராகாது நின்றனர். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயகாவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. மனிதரைப் பங்கு போட்ட கணக்கு அது. அவ்வழியே இந்தியாவுக்கு வந்தவர்கள் இந்தியக் குடியுரிமை பெற்று, இந்தியப் பாஸ்போர்ட்டுடன் வந்தவர்கள். அவர்கள் இங்கே வந்தபின் பெற்ற பிள்ளைகளுக்கு, தந்தை நுவரெலியாவில் பிறந்தார் என்பதால் இலங்கைக் குடியுரிமை கிடையாது. தந்தை உண்மையிலேயே இலங்கைக் குடிமகனாக இருந்தாலும், இங்கே பிறந்த குழந்தையை ஓராண்டுக்குள், அல்லது அமைச்சர் நீட்டித்துத் தந்த காலத்துக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். தாய் வழியாகவும் உரிமை செல்லலாம் என்பது 2003இல் வந்த திருத்தம்.

அடுத்து, இந்தியாவின் பக்கத்தைப் பார்ப்போம். இங்கே பிறந்த நாள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டினராயினும், அயல்நாட்டுத் தூதரின் மக்கள் போன்ற சிலர் நீங்கலாக, பிறப்பினாலேயே குடிமக்கள். 1986இல் மண்டபம் முகாமில் இலங்கை அகதிகளுக்குப் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தரவேண்டுமென்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் ஆணையிட்டது இந்த விதியைக் கொண்டுதான். ஈராண்டு பிந்திப் பிறந்திருந்தால் வழக்கின் போக்கே வேறாகியிருக்கும். 1987 ஜூலை 1 முதல், பெற்றோருள் ஒருவரேனும் பிள்ளை பிறந்த நாளில் இந்தியக் குடிமக்களாக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், ஒருவர் குடிமகனாக இருப்பதோடு மற்றவர் சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறியவராக இருத்தல் கூடாது.

இனி, அந்நிய நாட்டின் பக்கம். சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஏனெனில் ஒருவர் தம் குடிமகனா அல்லரா என்பதை அந்தந்த நாட்டின் சட்டமே முடிவு செய்கிறது. இந்தியச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் அதற்கு விடை கிடைக்காது. உலக நாடுகளின் சட்டங்களை இவ்வகையில் இரண்டாகப் பிரித்துக் காணலாம். சில நாடுகளில் பெற்றோரின் குடியுரிமை பிள்ளையிடம், கேளாமலே, பிறந்த கணத்தில் வந்து சேர்ந்துவிடும். வேறு சில நாடுகளில் பதிவு செய்தாலன்றி வாராது. சிங்கப்பூர் இரண்டாவது வகை: ஓராண்டுக்குள் பதிவு வேண்டும், தாய்வழி உரிமை 2004 மே 15 முதல்தான். மலேசியாவும் வெளிநாட்டுப் பிறப்பைப் பதிவு செய்யக் கேட்கும் நாடே. தாய்மாருக்கும் சம உரிமை தரும் திருத்தத்தை அந்நாட்டு மக்களவை 2024 அக்டோபரில் நிறைவேற்றியது. முன்னரே பிறந்த பிள்ளைகளை அது தழுவவில்லை. ஆஸ்திரேலியாவும் விண்ணப்பம் கேட்கும் நாடு.

பிரிட்டன் முதல் வகையைச் சேர்ந்தது. 1983 ஜனவரி 1ஆம் நாளுக்குப் பின் செம்பூரில் பிறந்த ஒரு பெண்ணைக் கருதுவோம். தந்தை இந்தியர், தாய் இலண்டனில் பிறந்த பிரிட்டிஷ் குடிமகள். அப்பெண், தாம் அறிந்தாலும் அறியாவிட்டாலும், பிறந்த நாள் முதற்கொண்டு பிரிட்டிஷ் குடிமகளுமாவார். எந்தப் பதிவும் தேவையில்லை. அதே பெண் 1975இல் பிறந்திருந்தால் நிலை வேறு. அந்நாளில் திருமண வழியில் தந்தைதான் உரிமையை வழங்கக்கூடியவர். இப்பொழுது தாய் வழியாக அதைப் பெறுவதாயின் அவர் விண்ணப்பித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவ்வாறு பதிவு செய்வதே “தாமாகப் பெறுதல்” ஆகிவிடும்; இந்தியக் குடியுரிமை அத்துடன் முடிவுறும். தாயும் மகளும் அதே இருவர்தாம். பிறந்த ஆண்டு மட்டுமே வேறு. அமெரிக்கச் சட்டமும் தானே சேரும் வகையதே. ஆயினும் பெற்றோருள் ஒருவர் மட்டும் அமெரிக்கராயின், அவர் பிள்ளை பிறக்குமுன் அந்நாட்டில் ஐந்தாண்டு, அதிலும் தம் பதினான்கு வயதுக்குப் பின் ஈராண்டு வாழ்ந்திருக்க வேண்டும் என்பது 1986 நவம்பருக்குப் பின் பிறந்தோர்க்கு உரிய விதி.

கேளாமல் வந்த உரிமை எத்தனை தொல்லை தரும் என்பதற்கு ஆஸ்திரேலிய நாடாளுமன்றமே சான்று. அந்நாட்டின் துணைப் பிரதமராக இருந்த பார்னபி ஜாய்ஸ் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அவர் தந்தை நியூசிலாந்தில் பிறந்தவர். அவ்வழியே தாமும் நியூசிலாந்துக் குடிமகனென்று அறியாமலே அவர் தேர்தலில் நின்றார். மால்கம் ராபர்ட்ஸ் என்ற செனட்டர் பிறந்ததோ நம் வங்காளத்துத் திசர்கரில். தந்தை வேல்ஸ் நாட்டினர். 2017 அக்டோபர் 27இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் எழுவர் வழக்கை ஒருங்கே விசாரித்து, இவர்கள் உட்பட ஐவரின் தேர்தல் செல்லாது என்றது. அறியாமை ஒரு சமாதானமாகக் கொள்ளப்படவில்லை. நமது சாசனத்தின் 102ஆம் ஷரத்து அவ்வளவு கடுமையானதன்று. தாமாகத் தேடிப் பெற்ற அந்நியக் குடியுரிமையையும், அந்நிய நாட்டுக்கு விசுவாசம் ஒப்புக்கொள்வதையுமே அது தகுதிக்கேடாகச் சொல்கிறது.

ஆகவே நாம் கண்ட செம்பூர்ப் பெண், தாய்வழி உரிமை தானே வந்து சேர்ந்தது என்ற அளவில், இந்தியக் குடியுரிமையை இழந்தவராகார். ஆனால் அவர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் ஒன்றைப் பெற்றுவிட்டால் கதை மாறும். அயல்நாட்டுப் பாஸ்போர்ட் பெற்றமையே அந்நாட்டுக் குடியுரிமையைத் தாமாக ஏற்றதற்கு முடிவான சான்று என்பது குடியுரிமை விதிகளின் மூன்றாம் அட்டவணையில் உள்ளது. இவ்விதி செல்லுமென்று உச்ச நீதிமன்றம் 1962இலேயே தீர்ப்பளித்துவிட்டது. விசாரிப்பது வேறு, விண்ணப்பிப்பது வேறு என்பதை மறவாதிருத்தல் நலம். “என் நிலை யாது?” என்று எழுதிக் கேட்பதனால் எவரும் எதையும் இழப்பதில்லை.

எழுதிக் கேட்குமுன் மூன்று தாள்களைத் தேடி எடுக்க வேண்டும்: உமது பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் திருமணச் சான்று, நீர் பிறந்த நாளில் தந்தையோ தாயோ எந்நாட்டுக் குடிமக்களாக இருந்தனர் என்பதைக் காட்டும் பாஸ்போர்ட் அல்லது குடியுரிமைச் சான்றிதழ். மூன்றாவதே உயிர்நாடி, ட்ரங்குப் பெட்டியின் அடியில் மக்கிக் கிடப்பதும் பெரும்பாலும் அதுவே. பெற்றோர் பின்னர் குடியுரிமையை மாற்றிக்கொண்டிருந்தால் அந்த நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் குடியுரிமை பெற்ற இந்தியத் தம்பதியர்க்கு, அதன்பின் சில மாதங்களில் பிறந்த மகன், இந்தியக் குடியுரிமையை மீட்டுத் தரவேண்டுமென்று தொடுத்த வழக்கில், 2024 அக்டோபர் 18இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்புரைத்தது. கருவிலிருந்த காலத்தைக் காட்டியும் பயனில்லாது போயிற்று. அமெரிக்கத் துணைத் தூதரகமும் பிரிட்டிஷ் அலுவலகமும் தாராவிக்கு அண்மையிலேயே, பாந்த்ரா குர்லா வட்டாரத்தில் உள்ளன. தரகர் வழியாகச் செல்ல வேண்டிய தொலைவு அன்று.

வெளிநாட்டிலே பிறந்து, இந்தியப் பெற்றோர் வழியாக வம்சாவழிக் குடியுரிமை பெற்ற சிறுவர்க்கு மட்டும் சட்டம் ஒரு கெடு வைத்திருக்கிறது. பிறந்த நாட்டின் குடியுரிமையும் உடன் இருக்குமாயின், பதினெட்டு வயது நிறைந்த ஆறு மாதத்துக்குள் அதைத் துறக்க வேண்டும். துறவாவிடில் இந்தியக் குடியுரிமை தானே நீங்கும். அவ்வாறு நீங்கியோர் பிற்பாடு கடல்கடந்த இந்தியர் அட்டையைப் பெறலாம். நீண்ட நாள் தங்கவும், தொழில் செய்யவும் அது உதவும். வாக்களிக்க உதவாது, வேளாண் நிலம் வாங்கவும் உதவாது. வீட்டில் பதினேழு வயதுப் பிள்ளை இருந்தால் அடுத்த பிறந்தநாள் எப்பொழுது என்பதை இன்றே நாட்காட்டியில் குறித்துக்கொள்க.