சத்துணவைச் சொல்லித் தர யார் வேண்டும்?

(நமது தொம்மலூர் நிருபர்)

“மூன்று பிள்ளை பெற்று வளர்த்த எனக்கு இவள் வந்து சொல்லித் தருவதா?” ஊட்டச்சத்துப் பற்றிப் பேச வீடு தேடி வரும் பெண்ணுக்குப் பல வீடுகளில் கிடைக்கும் முதல் வரவேற்பு இதுதான். அந்தத் தாயின் கோபத்திலும் நியாயம் உண்டு. என்ன சொல்லுகிறார் என்பதைப் போலவே யார் சொல்லுகிறார் என்பதும் முக்கியம் அல்லவா?

தமிழ்நாடு இதை நன்கு உணர்ந்திருந்தது. உலக வங்கி உதவியுடன் 1980-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், முதலில் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் நடைமுறைக்கு வந்தது. பின்னர் 6 மாவட்டங்களில் பரவியது. சுமார் 1,500 பேருக்கு ஒரு பணியாளர். பட்டதாரிகளை வெளியூரிலிருந்து கொண்டு வரவில்லை. அந்தந்த ஊர்ப் பெண்களையே தேடினார்கள். எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். ஊரார் மதிக்க வேண்டும். ஏழையாயினும் தன் பிள்ளையை நன்றாக வளர்த்த தாய் என்றால் முன்னுரிமை. அவர் இடுப்பில் இருக்கும் குழந்தையைவிட வேறு பிரசாரம் எதற்கு?

6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, வளர்ச்சி அட்டையில் குறித்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு கொடுத்தார்கள். தராசைப் பிழையின்றிப் பார்ப்பது ஒரு திறமை. படிக்காத தாய்க்கும் அட்டையிலுள்ள கோடு புரியும்படி சொல்வது அதைவிடப் பெரிய திறமை. கோடு இறங்கினால் தாயைத் திட்டக் கூடாது. வயிற்றுப்போக்கு வந்ததா, வேலைக்குப் போனபின் ஊட்டுவது யார் என்று பொறுமையாகக் கேட்க வேண்டும்.

தொம்மலூரில் இந்தக் கேள்வி மிகவும் பொருந்தும். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் விடியற்காலையில் கிளம்பும் தாய், பிள்ளையைப் பாட்டியிடமோ மூத்த பெண்ணிடமோ விட்டுச் செல்கிறாள். பகலில் வந்து கதவைத் தட்டினால் பயன் என்ன? மாலையில் வர வேண்டும். பாட்டியிடமும் பேச வேண்டும். விலை உயர்ந்த டின் உணவைச் சொல்லாமல், கைக்கு எட்டுவதைச் சொல்ல வேண்டும். இங்கே மலிவாகக் கிடைக்கும் கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவில் சுண்ணாம்புச் சத்து உண்டு. 6 மாதம் முடிந்ததும் தாய்ப்பாலுடன் கேழ்வரகுக் கூழ், பருப்பு, கீரை, முட்டை எனப் படிப்படியாகச் சேர்க்கலாம்.

இன்னொரு தடை மொழி. 1975-ல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் இன்றும் நடக்கிறது. ஆனால் கன்னடத்தில் சொல்லும் ஆலோசனை, ஊரிலிருந்து புதிதாக வந்த தாய்க்கு எட்டுவதில்லை. தமிழும் கன்னடமும் அறிந்த நம் வீட்டுப் பெண்கள், அங்கன்வாடி ஊழியருடன் வாரம் ஒரு மாலை நடந்தால் போதும். அந்தத் தடை நீங்கும்.

தாய்மார்களே! இந்த மாதம் உங்கள் குழந்தையின் எடை என்ன? அங்கன்வாடிக்குச் சென்று அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.